இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பீகிள் வளர்க்கலாமா?

பீகிளின் குணம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் மூன்றாம் மாடி வீடு, கணவன் மனைவி இருவருக்கும் வேலை, ஏழு வயதுப் பெண். நண்பர் வீட்டு பீகிளைப் பார்த்ததிலிருந்து பெண் அதே நினைப்பாக இருக்கிறாள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல நாய் கிடையாது என்று ஒருவர் சொல்கிறார். சொன்ன பேச்சு கேட்காது, ஊளையிட்டு அக்கம்பக்கத்தையே கூட்டிவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். யாரை நம்புவது என்பது உங்கள் கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'காலை 9 முதல் மாலை 6 வரை வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்.' எனக்கு அதுதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. அதற்கு வரும் முன், அந்த இருவர் சொன்னதும் உண்மைதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிற குணங்கள்.

நான் கால்நடை மருத்துவன். வேப்பேரியில் படித்தேன், இருபத்திரண்டு வருடமாக நாய், பூனைகளுக்கான கிளினிக் நடத்துகிறேன். ஆரம்பத்தில் என் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் பொமரேனியன், அல்சேஷன், லாப்ரடார். பீகிள் வந்தால் கம்பவுண்டர் உட்பட எல்லோரும் எட்டிப் பார்ப்போம். இப்போது வாரத்துக்கு நாலைந்தாவது வருகின்றன. நாய்களின் நடத்தைக்கென்று தனியாகப் படித்தவன் அல்ல நான். அதனால் நோய், உடம்பு பற்றிச் சொல்வதைப் படிப்பிலிருந்து சொல்கிறேன், பழக்கவழக்கம் பற்றிச் சொல்வதில் பாதி மேசைக்கு எதிரே உட்கார்ந்து வளர்ப்பவர்கள் சொன்னது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் நாய் ஒன்றை வைத்துச் சொன்னால் பீகிள் சுலபமாகப் புரியும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கு வளர்த்த நாய்கள். பீகிளும் முயல் வேட்டைக்கு வளர்த்த நாய்தான், இங்கிலாந்தில். ஆனால் வேலை செய்யும் முறை நேர் எதிர். சிப்பிப்பாறை முயலைக் கண்ணால் பார்க்கும், பார்த்த அடுத்த நொடி அம்பு போலப் பாயும், சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். பீகிளுக்கு முயல் கண்ணில் பட வேண்டிய அவசியமே இல்லை. அது போய் வெகுநேரமான தடத்தில் மூக்கை வைத்து, புதர், ஓடை, வேலி எல்லாம் தாண்டி மணிக்கணக்கில் பின்தொடரும். வேகம் குறைவு, விடாப்பிடி அதிகம். வேட்டைக்காரர்கள் குதிரைகூட இல்லாமல் நடந்தே பின்னால் போவார்கள். ஃபாக்ஸ்ஹவுண்ட் என்று இதே சாயலில் பெரிய நாய் ஒன்று உண்டு. வெள்ளைக்காரர்கள் ஊட்டிப் புல்வெளிகளில் நரி துரத்த வைத்திருந்தது அதை. அதற்குக் குதிரை வேண்டும்.

இன்றைய பீகிளின் முன்னோர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 1830களில் எசெக்ஸ் பகுதியில் ஃபிலிப் ஹனிவுட் என்ற பாதிரியார் சேர்த்து வளர்த்த கூட்டம். கூட்டம் என்பதுதான் இங்கே முக்கியமான சொல். பீகிளை ஒற்றை நாயாக வளர்க்கவில்லை. பத்து, இருபது, முப்பது என்று ஒரே கொட்டகையில் அடைத்து, ஒரே தொட்டியில் சோறு போட்டு வளர்த்தார்கள். பக்கத்து நாயோடு சண்டை போடுகிற நாய்க்கு அங்கே இடமில்லை, அதன் குட்டியை வளர்க்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படிப் பொறுக்கியதில் வந்ததுதான் நீங்கள் நண்பர் வீட்டில் பார்த்த அந்த இணக்கம். யார் வந்தாலும் வாலாட்டும், வேறு நாய் வந்தாலும் வாலாட்டும், குழந்தை மேலே விழுந்தாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அதே பொறுக்குதலில்தான் இன்னொன்றும் வந்தது: தனியாக இருக்கத் தெரியாத நாய்.

ஊளையும் அப்படித்தான். தடம் கிடைத்த நாய் எங்கோ அரை மைல் தள்ளிப் புதருக்குள் இருக்கும். பின்னால் நடந்து வருகிற மனிதனுக்கு அது இருக்கும் திசை தெரிய வேண்டும். அதனால் தடம் கிடைத்ததும் குரல் கொடுக்கிற நாயையே தேடித் தேடி வளர்த்தார்கள். பீகிளுக்குச் சாதாரணக் குரைப்பு ஒன்று, நெடிய ஊளை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் தொண்டையைத் திறந்து பாடுவது போல ஒன்று. மூன்றாவதுதான் வேட்டைக் குரல். வயல்வெளியில் தூரம் வரை கேட்பதற்காக உருவான குரல் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் எப்படி ஒலிக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வால் நுனி வெள்ளையாக இருப்பதும் இதே காரணத்தால்தான் என்பார்கள். மூக்கு தரையில் இருந்தாலும் புல்லுக்கு மேலே வால் கொடி மாதிரி தெரியும்.

மூக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'சொன்ன பேச்சு கேட்காது' என்ற புகாரின் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல வருடம் நாய் இனங்களின் நடத்தையை ஆராய்ந்தார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு எலியை விட்டுவிட்டு நாய்களை அனுப்பினார்கள். பீகிள்கள் சுமார் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தன. ஃபாக்ஸ் டெரியர்களுக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. ஸ்காட்டிஷ் டெரியர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பயணிகளின் பைகளில் ஒளிந்திருக்கும் பழம், இறைச்சியைக் கண்டுபிடிக்க அமெரிக்க விவசாயத் துறை நாய்களை வைத்தபோது பீகிளைத்தான் எடுத்தது. மூக்கு ஒரு காரணம். கூட்டத்துக்கு நடுவில் யாரையும் பயமுறுத்தாது என்பது இன்னொரு காரணம். நீளக் காதுகள் தரையில் உள்ள வாசனையைத் தூண்டி மூக்குக்குத் தள்ளுகின்றன என்று படித்திருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் யாரும் அளந்து நிரூபித்ததாக நான் பார்த்ததில்லை. நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

என் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தினமும் காலை ஆறு மணிக்குத் தன் பீகிளோடு வருவார். முனையில் ஒரு மின்கம்பம். அந்தக் கம்பத்தின் அடியை அது முகர்வதை ஒரு நாள் நின்று பார்த்தேன். முதலில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரே இடம், மூக்கின் இரண்டு ஓரமும் படபடவென்று துடிக்கிறது. பிறகு அரை அடி மேலே. திரும்பக் கீழே வந்து பின்பக்கம் சுற்றிப் போகிறது. நெற்றி சுருங்கி இருக்கிறது, வால் அசையவில்லை. ஆசிரியர் பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார். காது மடல்கூட ஆடவில்லை. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் கழித்து தும்மல் போட்டு உடம்பை உதறிவிட்டு அவர் முகத்தைப் பார்த்து வாலாட்டியது. அவர் கோபப்படவில்லை. 'பேப்பர் படிச்சு முடிச்சாச்சு' என்று சொல்லிவிட்டு நடந்தார். பீகிளோடு வாழத் தெரிந்த மனிதர்.

அந்த இரண்டு நிமிடமும் அது பிடிவாதம் பிடிக்கவில்லை. அல்சேஷன், லாப்ரடார் எல்லாம் மனிதன் முகத்தைப் பார்த்து வேலை செய்ய வளர்க்கப்பட்டவை. மேய்க்கும்போதும், சுட்ட பறவையை எடுத்து வரும்போதும் எஜமான் என்ன சொல்கிறான் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். தடத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிற பீகிள் வேலைக்கு ஆகாத பீகிள். இதனால்தான் புத்திசாலி நாய்கள் என்று யாராவது வரிசைப்படுத்தினால் பீகிள் அடியில் போய் நிற்கிறது. அந்த வரிசைகள் அளப்பது கட்டளைக்கு எவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிகிறது என்பதை. ஜிப் போட்ட பள்ளிக்கூடப் பையைத் திறந்து முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற நாயைப் பார்த்தவர்கள் அறிவு குறைவு என்று சொல்ல மாட்டார்கள். பழக்க முடியும், நிச்சயம் முடியும். ஐந்து நிமிடம், கையில் தின்பண்டம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அடித்தால், கத்தினால் பீகிள் உங்களிடமிருந்து விலகிப் போகும், வேறு ஒன்றும் நடக்காது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: எவ்வளவு பழக்கினாலும் ரோட்டில் பெல்ட் இல்லாமல் விடாதீர்கள். தடம் கிடைத்த பீகிளுக்கு லாரி தெரியாது. நான் கையில் வாங்கிய விபத்து பீகிள்களில் பாதிக்கு மேல் 'எப்பவும் கூப்பிட்டா வந்துடும் டாக்டர்' என்று வளர்த்தவைதான்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். பீகிள் மனிதர்களிடம் எவ்வளவு மென்மையானது என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகப் பெரிய சான்று சந்தோஷமான சான்று அல்ல. உலகம் முழுக்க மருந்துச் சோதனைக் கூடங்களில் அதிகம் பயன்படுத்தப்படும் நாய் இனம் பீகிள். கைக்கு அடக்கமான அளவு, கூட்டமாக வைத்தால் சண்டை போடாது, ஊசி போட்டாலும் கடிப்பது அரிது. 2022இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சோதனைக்கென்று நாய் வளர்த்து விற்ற ஒரு பண்ணையிலிருந்து சுமார் 4,000 பீகிள்களை நீதிமன்ற உத்தரவில் மீட்டு வீடுகளுக்குக் கொடுத்தார்கள். புல்லையே மிதித்திராத நாய்கள் அவற்றில் பல. அப்படிப்பட்ட நாய்களும் சில வாரத்தில் முன்பின் தெரியாத மனிதர் மடியில் தலை வைத்துப் படுத்தன. எனக்கு அதைப் படித்தபோது வெட்கமாகவும் இருந்தது, இந்த இனத்தின் மேல் மரியாதையும் வந்தது.

ஆகவே உங்கள் பெண்ணோடு பழகும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும்: சாப்பாடு. பீகிள் கடித்தது என்று என்னிடம் வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே, அது திருடி வாயில் வைத்திருந்ததை யாரோ பிடுங்கப் போனதால் நடந்தவை. பிடுங்கக் கூடாது, அதைவிட ருசியான ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று குழந்தைக்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். அது தட்டில் சாப்பிடும்போது பக்கத்தில் போகக் கூடாது. எந்த நாய் கடித்தாலும், வீட்டு நாயாகவே இருந்தாலும், 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இப்போது அந்த ஒன்பது மணி நேரம். மூன்று மாதக் குட்டியால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. அது உடம்பு சம்பந்தப்பட்டது, பழக்கத்தால் மாறாது. வளர்ந்த பீகிள் அடக்கும், ஆனால் காலையில் எல்லோரும் கிளம்பிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அதற்குக் கூட்டம் போய்விட்டது. கூட்டத்தைத் தொலைத்த பீகிள் என்ன செய்யுமோ அதைச் செய்யும்: கூப்பிடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பிறகு செருப்பு, சோபா மூலை, கதவின் அடிப்பலகை. இது பழிவாங்குவது அல்ல, பயமும் சலிப்பும். என்னிடம் 'யாராவது எடுத்துக்குவாங்களா டாக்டர்' என்று கேட்டு வருகிற பீகிள்களுக்கு வயது பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை. குட்டியாக இருந்தபோது பாட்டி ஊரிலிருந்து வந்து உடன் இருந்திருப்பார், அல்லது யாராவது ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்திருப்பார். அது நின்றதும் ஊளை ஆரம்பித்திருக்கும். குடியிருப்போர் சங்கம் நாயே கூடாது என்று தடுக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அது உங்கள் பக்கம் நிற்கும். ஆனால் கீழ்வீட்டில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவரிடம் அதைக் காட்டிப் பயனில்லை.

இரண்டு நாய் வாங்கினால் ஒன்றுக்கொன்று துணை என்று சொல்வார்கள். சில வீட்டில் நடக்கிறது. சில வீட்டில் ஒன்று ஆரம்பித்ததும் இன்னொன்று சேர்ந்து பாடுகிறது. முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, அதனால் அதை ஒரு தீர்வாக நான் யாருக்கும் சொல்வதில்லை.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாப்ரடாரில் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் மாற்றம் இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள். பீகிளுக்கும் அதேதான் காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை, ஆனால் மேசையில் பார்க்கிறபோது இரண்டும் போட்டி போடும். 10, 12 கிலோவில் இருக்க வேண்டியது 19 கிலோவில் வரும். 'ரெண்டு இட்லிதான் டாக்டர் போடறோம்' என்பார்கள், தாத்தா போடும் பிஸ்கட் கணக்கில் வராது. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான் அளவுகோல். குப்பைக் கூடைக்கு மூடி, சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டும் அவசியம். இரண்டு பொங்கலுக்கு முன்னால் ஒரு பீகிள், சர்க்கரைப் பொங்கலுக்கு வாங்கி வைத்த உலர்திராட்சைப் பாக்கெட்டை முழுதாகத் தின்றுவிட்டது. திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தையே கெடுக்கும். நல்லவேளை, அந்த அம்மா அரை மணி நேரத்துக்குள் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். வாந்தி எடுக்க வைத்து, இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றி அனுப்பினேன். சாக்லேட், வெங்காயம், சர்க்கரை இல்லாத சூயிங்கம் இவையும் அந்தப் பட்டியலில் உண்டு.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காது தொங்குவதால் நம் ஊர்ப் புழுக்கத்தில் காதில் சீழ் பிடிக்கும், வாரம் ஒரு தடவை முகர்ந்து பார்த்தாலே நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். வலிப்பு, தைராய்டு குறைவு, முதுகெலும்புத் தட்டு விலகுவது, கண் ஓரத்தில் செர்ரிப் பழம் போலச் சிவந்து பிதுங்குவது இவை இந்த இனத்தில் கூடுதல். உண்ணிக் காய்ச்சல் எல்லா நாய்க்கும் வரும், ஆனால் புதருக்குள் தலையை விடுகிற நாய்க்கு வாய்ப்பு அதிகம். நன்றாக வைத்துக்கொண்டால் 12 முதல் 15 வருடம் இருக்கும். உங்கள் பெண் கல்லூரி முடிக்கிற வரை.

இவ்வளவு சொன்ன பிறகு என் பேச்சுக்கு ஒரு எல்லையும் போட வேண்டும். 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துப் பார்த்து, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் இருக்கும் வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்குகிறது என்று சொன்னது. நாள் முழுக்கத் தூங்குகிற பீகிளை நானும் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வரப்போகும் குட்டி அப்படி இருக்குமா என்பது எட்டு வாரக் குட்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) பேப்பர் இருக்கிறது என்று விற்பவர் காட்டுவது பரம்பரைக்குச் சான்று, குணத்துக்கு அல்ல. தாயைப் பார்க்கக் கேளுங்கள். தாய் ஆட்களைக் கண்டு பதுங்கினால் அங்கே வாங்காதீர்கள்.

உங்கள் நிலைமையில், ஒன்பது மணி நேரம் பூட்டிய வீட்டில், குட்டி பீகிள் வேண்டாம் என்பேன். பகலில் வீட்டில் ஒரு ஆள் இருந்தால், அல்லது நடந்து போகிற தூரத்தில் பகலில் பார்த்துக்கொள்கிற இடம் இருந்தால் என் பதில் மாறும். காலையில் ஏழு மணிக்கு முன்னால் முக்கால் மணி நேரம், இருட்டிய பிறகு அரை மணி நேரம், மூக்கு இழுக்கும் இடத்தில் நின்று நின்று நடக்கும் நடை, அதை யார் தினமும் செய்வது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். வேகமாக இழுத்துக்கொண்டு நடந்தால் அதற்குக் கால் களைக்கும், மனம் களைக்காது. பகலில் ஆளே இல்லை என்றால், தனியாக இருந்து பழகிய, மூன்று நான்கு வயதான நாயைத் தத்தெடுப்பதை யோசியுங்கள். நாட்டு நாயாக இருந்தாலும் சரி, யாரோ வைத்துக்கொள்ள முடியாமல் கொடுக்கிற பீகிளாக இருந்தாலும் சரி, வளர்ந்த நாயின் குணம் முன்பே தெரிந்துவிடும்.

அப்புறம் ஒன்று. அந்த நண்பர் சம்மதித்தால் அவர் நாயை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழைத்து வந்து ஞாயிறு வரை வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை முற்பகலில் மூன்று பேரும் வெளியே கிளம்புங்கள், போனில் பதிவைப் போட்டு ஹாலில் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம். திரும்பி வந்து, பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் பதிவை முழுக்கக் கேளுங்கள். கேட்டதை இங்கே எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.